கணக்கைக் கண்டுபிடித்தது யார்? ட்யூஷனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் சாயங்காலம் ஆறு மணிக்குக் கணக்கு ட்யூஷன் எடுக்கிறேன். காசிமேடு, கல்மண்டபம், தண்டையார்பேட்டை பக்கத்திலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். ஆறாம் வகுப்பும் உண்டு, பிளஸ் டூவும் உண்டு. கணக்கை எப்படிப் போடுவது என்பதற்குச் சமமாக, இந்தக் கணக்கு யாருடையது என்ற கேள்வியும் வந்துகொண்டே இருக்கிறது. வாட்ஸ்அப் வந்த பிறகு அது இன்னும் கூடிவிட்டது.

ஒரே சந்தேகம் திரும்பத் திரும்ப வந்ததால் ஒரு நோட்டில் குறித்து வைக்க ஆரம்பித்தேன். பிள்ளைகள் கேட்டதும் இதில் இருக்கிறது, கூட்டிப்போக வந்த பெற்றோர் படிக்கட்டில் நின்று கேட்டதும் இருக்கிறது. கேள்விகளை அவரவர் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

மிஸ், மொதல்ல கணக்கைக் கண்டுபுடிச்சது யாரு?

ஒரு ஆள் இல்லை. இன்றைய காங்கோ நாட்டில் இஷாங்கோ என்ற இடத்தில், வரிசை வரிசையாகக் கீறல் போட்ட ஓர் எலும்பு கிடைத்தது. சுமார் 20,000 ஆண்டு பழையது. இன்றைய ஈராக் இருக்கும் மண்ணில் ஏறக்குறைய 4,000 ஆண்டுக்கு முன்பே பிள்ளைகள் ஈரக் களிமண் பலகையில் பெருக்கல் வாய்ப்பாடு எழுதிப் பழகினார்கள். நிலம் அளக்கவும் வரி வாங்கவும் நாள் பார்க்கவும் எங்கெல்லாம் தேவை வந்ததோ அங்கெல்லாம் கணக்கு முளைத்தது.

அதனால் இந்தக் கேள்விக்கு நான் காசிமேட்டைத்தான் காட்டுவேன். விசைப்படகில் போய் வலை போட்டவர் ஒருவர். கரையில் ஏலம் எடுத்தவர் இன்னொருவர். கூடையில் சுமந்து தெருவுக்குக் கொண்டுவருபவர் வேறொருவர். நம் வீட்டில் 'மீன்கார அம்மா கொடுத்த வஞ்சிரம்' என்கிறோம். வலை போட்டவர் பெயர் நமக்குத் தெரியாது. கணக்கிலும் முதலில் கவனித்தவர், ஏன் அப்படி என்று நிரூபித்தவர், எழுதி வைத்தவர், ஊர் விட்டு ஊர் கொண்டுபோனவர் என்று பல கைகள் உண்டு. புத்தகத்தில் ஒரே ஒரு பெயர்தான் நிற்கும். கீழே அடிக்கடி இந்த மீன்கூடைக்குத் திரும்பி வருவேன்.

பூஜ்ஜியத்தை ஆரியபட்டர்தானே கண்டுபுடிச்சாரு? க்விஸ்ல அப்படித்தான் மார்க் குடுத்தாங்க.

மார்க்கை வைத்துக்கொள். ஆனால் விஷயம் அதைவிடப் பெரியது. பூஜ்ஜியம் என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு வேலை இருக்கிறது. 205 என்று எழுதும்போது 'இங்கே பத்து எதுவும் இல்லை' என்று இடத்தைக் காத்து நிற்பது ஒரு வேலை. பாபிலோனியர்களும் மத்திய அமெரிக்காவின் மாயா மக்களும் அதற்குக் குறி வைத்திருந்தார்கள். பூஜ்ஜியத்தையே ஓர் எண்ணாக எடுத்துக் கூட்டி, கழித்து, பெருக்கிப் பார்ப்பது இரண்டாவது வேலை. அதற்கு விதிகளை எழுதி வைத்தவர் பிரம்மகுப்தர், கி.பி. 628-ல். ஓர் எண்ணிலிருந்து அதே எண்ணைக் கழித்தால் பூஜ்ஜியம், எதைப் பூஜ்ஜியத்தால் பெருக்கினாலும் பூஜ்ஜியம் என்று வரிசையாகச் சொன்னார். பூஜ்ஜியத்தைப் பூஜ்ஜியத்தால் வகுத்தால் பூஜ்ஜியம் என்றும் சொன்னார். அது சரியில்லை. முதல் தடவை நடக்கிறவர் கால் இடறுவது இயல்பு.

ஆரியபட்டர் 499-ல் எழுதிய நூலில் இட மதிப்பு இருக்கிறது. வர்க்கமூலம் காண அவர் சொன்ன வழி இட மதிப்பு இல்லாமல் நடக்காது. ஆனால் எண்களை அவர் எழுத்துகளால் குறித்தார், பூஜ்ஜியத்துக்குத் தனிக் குறி போடவில்லை. கல்லில் பார்க்க வேண்டுமென்றால் குவாலியர் கோட்டையில் 876-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயில் தோட்டத்தின் நீளம் 270 முழம், தினமும் 50 பூமாலை என்று அதில் வட்டப் பூஜ்ஜியத்தோடு வெட்டியிருக்கிறார்கள். அதற்கும் முன்னால் கம்போடியாவில் 683-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் புள்ளி பூஜ்ஜியமாக நிற்கிறது. யாரோ ஒருவர் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் நான் பிரம்மகுப்தர் பெயரைச் சொல்வேன், அதுவும் இரண்டாவது வேலைக்காக மட்டும்.

தமிழ் எண்ணுல பூஜ்ஜியமே இல்லைன்றாங்களே, அப்ப நம்மாளுங்க எப்படிக் கணக்கு போட்டாங்க?

நன்றாகவே போட்டார்கள். பழைய தமிழ் எண் முறையில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறி உண்டு. 1825-ஐ ௲௮௱௨௰௫ என்று எழுதுவார்கள். ஆயிரம், எட்டு நூறு, இரண்டு பத்து, ஐந்து. வாயால் சொல்கிறபடியே எழுத்து. 'இங்கே ஒன்றுமில்லை' என்று சொல்ல வேண்டிய தேவையே அதில் வராது. ௦ என்ற குறி பிற்பாடு வந்து சேர்ந்தது.

பின்னத்தில் நம் பெரியவர்கள் போன ஆழம் எனக்குப் பெருமை. கால், அரை, முக்காலோடு நிற்காமல் அரைக்கால் 1/8, மாகாணி 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320 என்று ஒவ்வொன்றுக்கும் பெயரும் குறியும் வைத்திருந்தார்கள். திண்ணைப் பள்ளியில் எண்சுவடி மனப்பாடம். எழுதாமலே பெரிய கணக்கும் போட்டார்கள். 1825-ல் சென்னையில் அச்சான 'கால சங்கலித' என்ற நூலில் ஜான் வாரன் என்பவர் தாம் பார்த்ததைச் சொல்கிறார். புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழிகளை அடுக்கியே, மனப்பாடமான வாய்பாட்டை வைத்து, சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியிருக்கிறார். அந்த வாய்பாட்டை உருவாக்கியவர்தான் வலை போட்டவர். தலைமுறை தலைமுறையாகச் சுமந்தவர் இந்தப் பஞ்சாங்கக்காரர்.

அப்ப பித்தாகரஸ் தேற்றம் பித்தாகரஸோடது இல்லையா?

அந்த உறவு அவருக்கு முன்பே தெரிந்ததுதான். பித்தாகரஸ் கி.மு. ஆறாம் நூற்றாண்டு. பிளிம்ப்டன் 322 என்று எண் போட்டிருக்கும் பாபிலோனியக் களிமண் பலகை சுமார் கி.மு. 1800. செங்கோண முக்கோணத்துக்குப் பொருந்தும் எண்கள் அதில் வரிசையாக இருக்கின்றன. நம் நாட்டில் யாகக் குண்டம் கட்ட அளவு சொல்லும் போதாயன சுல்ப சூத்திரத்தில், செவ்வகத்தின் மூலைவிட்டத்தின் மேல் வரும் பரப்பு இரண்டு பக்கங்களின் மேல் வரும் பரப்புகளின் கூட்டுக்குச் சமம் என்று பொது விதியாகவே சொல்லியிருக்கிறது. அதன் காலத்தை சுமார் கி.மு. 800 என்பார்கள்.

கிரேக்கர்கள் பிடித்தது வேறு கை. 'எல்லாச் செங்கோண முக்கோணத்துக்கும் இது பொருந்தும், ஏனென்றால்' என்று அடிப்படையிலிருந்து படிப்படியாகக் காட்டும் வழக்கம் அவர்களிடம் உறுதியாக வளர்ந்தது. பரீட்சையில் நீ எழுதும் நிரூபணம் யூக்ளிட் போட்ட பாதையில் வருகிறது, அவர் சுமார் கி.மு. 300. பித்தாகரஸ் கைப்பட எழுதிய ஒரு வரிகூட இன்று இல்லை.

எங்க நைனா ஃபார்வர்ட் பண்ணாரு மிஸ். வர்க்கமூலமே இல்லாம கர்ணம் கண்டுபுடிக்க ஒரு தமிழ்ப் பாட்டு இருக்காம். பித்தாகரஸுக்கு முன்னாடியே போதையனார் எழுதினதாம். நெசமா?

பாட்டு சொல்லும் வழி இது: பெரிய பக்கத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூறைத் தள்ளு. மிச்சத்தோடு சின்ன பக்கத்தில் பாதியைச் சேர். 3, 4 பக்கங்களுக்குப் போட்டால் 3.5 + 1.5 = 5. சரி. 5, 12 போட்டால் 10.5 + 2.5 = 13. அதுவும் சரி. இங்கேயே நிறுத்திவிட்டு ஃபார்வர்ட் செய்கிறார்கள். 8, 15 போட்டுப் பார். 13.125 + 4 = 17.125. உண்மை விடை 17. 7, 24 போட்டால் 24.5 வரும், வர வேண்டியது 25. இரண்டு பக்கமும் 1 என்றால் 1.375 வரும், உண்மையில் 1.414.

ஆக இது தோராய வழி. கொத்தனாருக்கும் தச்சருக்கும் நின்ற இடத்தில் கை கொடுக்கக்கூடிய நல்ல தோராயம். அதற்கு உரிய மரியாதையைக் கொடுக்க வேண்டும். தேற்றம் என்று மட்டும் சொல்லக்கூடாது, தேற்றம் ஒரு முக்கோணத்தில்கூடத் தவறாது. பாட்டின் தமிழும் நாம் இன்று பேசுகிற நடைக்குப் பக்கத்தில் இருக்கிறது, சங்க இலக்கியத்தின் பக்கத்தில் இல்லை. முந்தைய பதிலில் சொன்ன சுல்ப சூத்திரம் வடமொழி நூல், அதில் இருப்பது துல்லியமான விதி. பெயர் ஒத்துப்போவதால் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள். உங்கள் நைனாவிடம் இந்த 8, 15 கணக்கைப் போட்டுக் காட்டு. சண்டையாகப் பேசாதே, கூட உட்கார்ந்து போடு.

1, 2, 3-ஐ ஏன் அரபு எண்ணுன்னு சொல்றாங்க?

மீன்கூடைதான். ஐரோப்பாவுக்கு அந்த எண்களைக் கொண்டுபோனவர்கள் அரபு மொழியில் எழுதியவர்கள். பாக்தாத்தில் சுமார் 820-ல் அல் குவாரிஸ்மி இந்திய எண் முறையை விளக்கி ஒரு நூல் எழுதினார். அவர் பெயர்தான் லத்தீனில் உருமாறி இன்று கம்ப்யூட்டர் வகுப்பில் நீங்கள் சொல்லும் அல்காரிதம் ஆனது. அவருடைய இன்னொரு நூலின் தலைப்பில் இருந்த 'அல் ஜபர்' என்ற சொல் அல்ஜீப்ரா ஆனது. கொண்டுபோனவர் வெறும் சுமைதூக்கி இல்லை, போகிற வழியில் சேர்த்தும் கொடுப்பார் என்பதற்கு இவரே சாட்சி.

பாஸ்கல் முக்கோணம்?

பாஸ்கல் அதைப் பற்றி எழுதியது 1654-ல். சீனாவில் யாங் ஹுய் 1261-லேயே வரைந்திருக்கிறார், அதுவும் தமக்கு 200 ஆண்டு முந்திய ஜியா சியானிடமிருந்து வந்தது என்று பெயர் சொல்லியே. நம் நாட்டில் பிங்கலருடைய யாப்பு நூலுக்கு உரை எழுதிய ஹலாயுதர் பத்தாம் நூற்றாண்டில் 'மேரு பிரஸ்தாரம்' என்று அதே அடுக்கைச் சொல்கிறார். பாஸ்கலுக்கு உரியது, அதன் பண்புகளை ஒரே இடத்தில் திரட்டி ஒழுங்காக நிரூபித்தது. யாங் ஹுய் செய்த காரியத்தைக் கவனி. யாரிடமிருந்து வந்தது என்று எழுதி வைத்தார். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் ஜியா சியான் பெயர் நமக்கு எட்டியிருக்காது.

ஃபிபனாச்சி நம்பரு முயல் குட்டி போட்ட கணக்குல வந்ததுதானே மிஸ்? அதுக்கும் கானாவுக்கும் சம்பந்தம் இருக்குன்னு நீங்க சொன்னதா அண்ணன் சொன்னான்.

சொன்னேன். இது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். கானா பாட்டுக்கு டெஸ்க்கில் தாளம் போடும்போது குட்டித் தட்டு ஒன்று, நீட்டித் தட்டு ஒன்று என்று வைத்துக்கொள். 'த' ஒரு மாத்திரை, 'தா' இரண்டு மாத்திரை. குறில், நெடில் என்று தமிழ்ப் பாடத்தில் படித்த அதே கணக்கு. மூன்று மாத்திரையை எத்தனை விதமாக நிரப்பலாம்? த த த, த தா, தா த. மூன்று விதம். நான்கு மாத்திரைக்கு: த த த த, த த தா, த தா த, தா த த, தா தா. ஐந்து விதம். ஐந்து மாத்திரைக்கு எழுதிப் பார்க்காமலே சொல்லலாம். கடைசித் தட்டு 'த' என்றால் முன்னால் இருப்பது நான்கு மாத்திரை, அதற்கு 5 விதம். கடைசித் தட்டு 'தா' என்றால் முன்னால் மூன்று மாத்திரை, அதற்கு 3 விதம். மொத்தம் 8. இப்படியே 1, 2, 3, 5, 8, 13 என்று போகும்.

இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் நம் நாட்டு யாப்பிலக்கணக்காரர்கள். விரகாங்கர், கோபாலர், பிறகு குஜராத்தில் சுமார் 1150-ல் ஹேமச்சந்திரர், முந்திய இரண்டையும் கூட்டினால் அடுத்தது வரும் என்று எழுதினார்கள். செய்யுளில் எத்தனை சந்தம் அமையும் என்று தெரிய வேண்டியிருந்தது அவர்களுக்கு. முயல் கணக்கு வந்தது 1202-ல், பைசா நகரத்து லியோனார்டோ எழுதிய நூலில். அவரைத்தான் பின்னாளில் ஃபிபனாச்சி என்றார்கள். அவருடைய அப்பா இன்றைய அல்ஜீரியாவில் பெஜாயா துறைமுகத்துச் சுங்கத்தில் வேலை பார்த்தவர். அங்கே போன பையன் வியாபாரிகளிடம் இந்திய எண்களைக் கற்றுக்கொண்டு வந்து ஐரோப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தார். நம் எண் ஒரு ஹார்பர் வழியாக ஒரு பிள்ளையின் கைக்குப் போயிருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைகிறது. எண்வரிசைக்கு அவர் பெயர் வழக்கில் நிலைத்தது 19-ஆம் நூற்றாண்டில், பிரான்சின் எடுவார்ட் லூக்காவால்.

பிளஸ் டூல லோபிதாலின் விதின்னு வருதே, அவரு யாரு?

பிரெஞ்சுப் பிரபு. பணம் இருந்தது, கணக்கில் உண்மையான ஆசையும் இருந்தது. 1694-ல் யோஹான் பெர்னூலி என்ற இளம் கணித அறிஞருக்குக் கடிதம் எழுதினார்: ஆண்டுக்கு 300 லிவ்ர் (அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பணம்) தருகிறேன், உன் புதுக் கண்டுபிடிப்புகளை எனக்கு மட்டும் சொல், வேறு யாருக்கும் சொல்லாதே. பெர்னூலி ஒத்துக்கொண்டார். 1696-ல் லோபிதால் வெளியிட்ட நூலில், 0/0 என்று நிற்கும் எல்லையைக் காண உதவும் அந்த விதி வந்தது. முன்னுரையில் பெர்னூலிக்கு நன்றி உண்டு, ஆனால் எது யாருடையது என்று பிரித்துச் சொல்லவில்லை. லோபிதால் இறந்த பிறகு பெர்னூலி உரிமை கேட்டபோது பலர் நம்பவில்லை. 1921-ல் பாசல் நகரத்தில் பெர்னூலியின் பழைய பாடக் குறிப்பு கிடைத்தபோதுதான் விஷயம் தெளிந்தது. விதியைக் கற்றுக்கொள், அது அருமையான விதி. கூடவே பெர்னூலி பெயரையும் சொல்லு.

இப்படிப் பெயர் மாறி நிற்பது எவ்வளவு சகஜம் என்றால், அதற்கே ஒரு விதி உண்டு. எந்தக் கண்டுபிடிப்பும் உண்மையாகக் கண்டுபிடித்தவர் பெயரால் அழைக்கப்படுவதில்லை என்று ஸ்டீபன் ஸ்டிக்லர் 1980-ல் எழுதினார். இந்த விதியை முதலில் சொன்னவர் நான் இல்லை, ராபர்ட் மெர்ட்டன் என்றும் அவரே எழுதினார்.

கண்டுபுடிச்சதை ஏன் மிஸ் மறைச்சு வெப்பாங்க? சொன்னாத்தானே பேரு வரும்?

அந்தக் காலத்து இத்தாலியில் மறைத்தால்தான் வேலை நிலைக்கும். ஆளுக்கு ஆள் கணக்குச் சவால் விடுவார்கள், தோற்றவருக்கு வாத்தியார் வேலையே போகலாம். பொலோன்யாவில் டெல் ஃபெரோ என்பவர் ஒருவகை முப்படிச் சமன்பாட்டை, அதாவது x³ வரும் சமன்பாட்டை, தீர்க்கும் வழியைக் கண்டுபிடித்து மூடி வைத்திருந்தார். 1526-ல் அவர் இறந்தார். அதற்கு முன் மாணவர் ஃபியோரிடம் சொல்லிவிட்டார். ஃபியோர் அந்த ஒரே ஆயுதத்தோடு 1535-ல் தார்தாலியா என்ற இன்னொரு கணக்கு வாத்தியாரைச் சவாலுக்கு இழுத்தார். ஆளுக்கு 30 கணக்கு. தார்தாலியா என்றால் திக்குவாயர் என்று பொருள். சின்ன வயதில் ஊருக்குள் புகுந்த சிப்பாய் முகத்தில் வெட்டியதால் அவருக்குப் பேச்சு திக்கியது, ஊர் வைத்த பெயரே நின்றுவிட்டது. கெடு முடிய சில நாள் இருக்கும்போது ஓர் இரவில் தாமே வழியைக் கண்டுபிடித்து 30 கணக்கையும் போட்டு முடித்தார்.

மருத்துவரும் கணித அறிஞருமான கார்டானோ விடாமல் கேட்டுக்கேட்டு, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து, 1539-ல் அந்த வழியை வாங்கினார். தார்தாலியா அதைப் பாட்டாக எழுதிக் கொடுத்தார். 1543-ல் கார்டானோவும் மாணவர் ஃபெராரியும் பொலோன்யா போய் டெல் ஃபெரோவின் நோட்டையே பார்த்தார்கள். முதல் ஆள் தார்தாலியா இல்லை என்று தெரிந்த பிறகு, 1545-ல் கார்டானோ நூலில் அச்சிட்டுவிட்டார். டெல் ஃபெரோ பெயரும் தார்தாலியா பெயரும் அதில் இருக்கின்றன. ஆனாலும் சூத்திரத்துக்கு நிலைத்த பெயர் கார்டானோ. என் மனசு தார்தாலியா பக்கம்தான். வாக்கு வாக்குதான். ஆனால் கார்டானோ அச்சிடாமல் இருந்திருந்தால் அந்த வழி இன்னும் எத்தனை பேரோடு மண்ணுக்குள் போயிருக்குமோ என்றும் தோன்றுகிறது.

கால்குலஸ் நியூட்டனா, லைப்னிட்ஸா? ரெண்டு பேரும் போட்டிருக்காங்க.

இரண்டு பேரும், தனித்தனியாக. நியூட்டன் 1665-66-ல், கொள்ளைநோய்க்காகப் பல்கலைக்கழகம் மூடியிருந்த நாட்களில், ஊரில் இருந்து யோசித்தார். வெளியிடவில்லை. லைப்னிட்ஸ் 1675-ல் தம் வழியில் வந்து சேர்ந்து 1684-ல் வெளியிட்டார். பிறகு பெரிய சண்டை. லண்டன் ராயல் சொசைட்டி விசாரித்து நியூட்டன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சொசைட்டியின் தலைவர் நியூட்டன், அறிக்கையை எழுதியதும் அவரே. அது நியாயமில்லை. நீ போடும் ∫ குறியும் dx-உம் லைப்னிட்ஸ் கொடுத்தவை.

அதுக்கு முன்னாடியே கேரளாவுல இருந்துச்சாமே? அதைத் திருடிட்டுப் போயிட்டாங்களாமே?

முதல் பாதி உண்மை. சங்கமகிராமத்து மாதவர் 14-ஆம் நூற்றாண்டுக்காரர். வட்டத்தின் சுற்றளவை 1 − 1/3 + 1/5 − 1/7 என்று முடிவில்லாமல் போகும் தொடரால் சொன்னவர். π-க்கு 11 தசம இடம் சரியாகக் கண்டார். அவர் மாணவர் பரம்பரையில் வந்த ஜ்யேஷ்டதேவர் சுமார் 1530-ல் 'யுக்திபாஷா' எழுதினார். விதியோடு காரணத்தையும் சேர்த்து, மலையாளத்தில். ஐரோப்பாவில் அந்தத் தொடர் கிரெகரி, லைப்னிட்ஸ் கைக்கு வந்தது 1670-களில். ஆனால் எந்தச் சார்பையும் வகையிட, தொகையிட, இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்ச்செயல் என்று காட்ட ஒரு பொது முறை வேண்டும். அது நியூட்டனும் லைப்னிட்ஸும் செய்தது.

திருடினார்கள் என்பதற்குக் கடிதமோ மொழிபெயர்ப்போ இதுவரை ஒன்றும் கிடைக்கவில்லை. சாட்சி இல்லாமல் யாரையும் திருடன் என்று சொல்ல நம் தெருவில் ஒத்துக்கொள்வோமா? உண்மையில் கேரளக் கணிதத்தை ஆங்கிலத்தில் முதலில் உலகுக்குச் சொன்னவர் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி சார்லஸ் விஷ், 1834-ல் வெளிவந்த கட்டுரையில். அதைப் பெரும்பாலோர் கண்டுகொள்ளவில்லை. 1940-களிலிருந்து அதை எடுத்து ஆராய்ந்து கட்டுரைகள் எழுதியவர்களில் ஒருவர், நம் சென்னையில் இருந்த சி.டி.ராஜகோபால்.

ராமானுஜன் நம்ம ஹார்பர்ல வேலை பாத்தாராமே? மூட்டை தூக்கினாரா மிஸ்?

மூட்டை தூக்கவில்லை. கணக்குப் பிரிவில் குமாஸ்தா. 1912 மார்ச் 1-ல் சேர்ந்தார், மாதம் 30 ரூபாய். அதற்கு முன் பாரிமுனைப் பக்கம் இருந்த பச்சையப்பன் கல்லூரியில் படித்தும், பி.ஏ.வுக்கு முந்திய எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. கணக்கைத் தவிர வேறு பாடத்தில் மனசு போகவில்லை. துறைமுக வேலை கிடைத்த பிறகு பிராட்வே பக்கம் சைவ முத்தையா முதலி தெருவில் குடியிருந்தார். நம் மாடியிலிருந்து நடந்தே போகலாம். அந்தத் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் என் நடை மெதுவாகிவிடும்.

அவருக்கு மேலே இருந்த நாராயண ஐயர் தாமே கணிதம் தெரிந்தவர், ராத்திரி ராத்திரியாகக் கூட உட்கார்ந்து கணக்குப் போட்டவர். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் கையைத் தூக்கிவிட்டார். 1913 ஜனவரி 16 தேதியிட்டு கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குப் போன கடிதத்தில், துறைமுக அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா என்றுதான் ராமானுஜன் தம்மை அறிமுகம் செய்துகொண்டார். அதற்கு முன் எழுதிய வேறு இரண்டு பேராசிரியர்களிடம் காரியம் ஆகவில்லை. அந்த ஆண்டே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. 1914 மார்ச் 17-ல் இதே ஹார்பரிலிருந்து கப்பல் ஏறினார். 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1920 ஏப்ரல் 26-ல், 32 வயதில், சேத்துப்பட்டில் இறந்தார்.

நினைவைச் சுமந்தவரும் நம் பக்கத்து ஆள்தான். முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்த பி.கே.சீனிவாசன், ராமானுஜனின் கடிதங்களையும் அவரை அறிந்தவர்களின் நினைவுகளையும் அலைந்து திரட்டி 1968-ல் வெளியிட்டார். 1993-ல் ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகத்தையும் தொடங்கினார்.

நாமகிரித் தாயார் கனவுல வந்து சொன்னதை எழுதினாராமே. எங்க ஆயா சொன்னாங்க.

ஆயா சொன்னது இட்டுக்கட்டியது இல்லை. ராமானுஜனே நாமக்கல் தாயார் அருள் என்று நம்பினார். அந்த நம்பிக்கையை நான் தொட மாட்டேன். ஆனால் சிலேட்டையும் மறக்கக்கூடாது. காகிதம் வாங்கக் காசு போதாமல் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, மறுபடி போட்டு, முடிவை மட்டும் நோட்டில் ஏற்றினார். நிரூபணம் நோட்டில் இல்லாததற்கு அது ஒரு காரணம். பையனாக இருந்தபோது அவர் படித்த கார் என்பவரின் நூலும் நிரூபணம் பெரிதாக இல்லாமல் முடிவுகளை அடுக்கிய நூல்தான்.

அவருக்குத் தவறும் நேர்ந்தது. பகா எண்களைப் பற்றி ஹார்டிக்கு எழுதியதில் பிழை இருந்தது. வேறு சில முடிவுகள் ஐரோப்பாவில் முன்பே தெரிந்தவை. அவர் இங்கே தனியாக உட்கார்ந்து மறுபடி கண்டுபிடித்திருந்தார். மேலே சொன்ன 'கவனித்தவர், நிரூபித்தவர்' பிரிவினையை இங்கே வைத்துப் பார். கேம்பிரிட்ஜில் ஹார்டியும் அவரும் சேர்ந்து உழைத்தபோது இரண்டும் ஒன்றாயின.

1729-ஐ அவருதானே கண்டுபுடிச்சாரு?

ஆஸ்பத்திரியில் இருந்த ராமானுஜனைப் பார்க்க வந்த ஹார்டி, தாம் வந்த டாக்ஸியின் நம்பர் 1729, சாதாரண எண் என்றாராம். இல்லை என்று ராமானுஜன் சொன்ன காரணம் இது: அதை இரண்டு விதமாக இரண்டு கனங்களின் கூட்டாக எழுதலாம், 12³ + 1³, 10³ + 9³. இதை பிரான்சின் ஃப்ரெனிக்கில் 1657-லேயே சொல்லியிருக்கிறார். ராமானுஜனும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அந்த நொடியில் யோசித்துச் சொல்லவில்லை, முன்பே தம் நோட்டில் அதைத் தொட்டிருந்தார். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. எப்போதோ சந்தித்த எண்ணை, வண்டி நம்பராக வந்தபோதும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

சகுந்தலா தேவிதான் பெரிய கணித மேதைன்னு அம்மா சொல்றாங்க.

அவர் மனக்கணக்கில் மேதை. 1980-ல் லண்டனில் 13 இலக்க எண்கள் இரண்டை 28 விநாடியில் பெருக்கிச் சொன்னார். அது அபூர்வத் திறமை. தேற்றம் கண்டுபிடிப்பது வேறு வேலை, அதற்கு வேகம் தேவையில்லை. ட்யூஷனில் மெதுவாகப் போடும் பிள்ளைகளுக்கு இதை நான் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வேன்.

ஏன் மிஸ் ஒரு பொம்பளை பேருகூட வரலை?

ஒன்பதாம் வகுப்புப் பெண் கேட்டது. அவளுக்குச் சொன்னதையே எழுதுகிறேன். சோஃபி ஜெர்மேன் ஆண் பெயரில், 'லெப்லான்' என்று கையெழுத்துப் போட்டு, ஜெர்மனியின் கணித மேதை காஸுக்குக் கடிதம் எழுதினார். அதிர்வுறும் தகடுகளின் கணிதத்துக்காக 1816-ல் பாரிஸ் அகாதெமி பரிசு வாங்கினார். எம்மி நோதரை 1915-ல் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்கு அழைத்தார்கள். பெண் என்பதால் பதவி தரவில்லை. பல காலம் சம்பளமில்லாமல், அங்கே பேராசிரியராக இருந்த ஹில்பர்ட் பெயரில் அறிவித்த வகுப்பை அவர் எடுத்தார். 1918-ல் அவர் கொடுத்த தேற்றம் இன்றைய இயற்பியலின் தூண். 1933-ல் யூதர் என்று வேலையை விட்டு நீக்கினார்கள், 1935-ல் அமெரிக்காவில் இறந்தார். ஈரானில் பிறந்த மரியம் மிர்சாகானி, கணிதத்தின் மிகப் பெரிய விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கத்தை 2014-ல் வாங்கிய முதல் பெண் ஆனார்.

சுமந்தவர்களில் ஒருவரையும் சொல்ல வேண்டும். ராமானுஜன் கடைசி நாட்களில் படுக்கையில் எழுதிய காலத்தில் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர் மனைவி ஜானகி அம்மாள். அந்தத் தாள்கள் பல்கலைக்கழகம் வழியாக ஹார்டியிடம் போய், 1976-ல் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்ணில் பட்டன. 600-க்கு மேற்பட்ட முடிவுகள். ஜானகி அம்மாள் திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து வாழ்ந்து 1994-ல் மறைந்தார்.

கணக்கைக் கண்டுபுடிக்கிறாங்களா, உருவாக்குறாங்களா?

17 மீனை எடுத்துக்கொள். சமமாகக் கூறு போட்டுப் பார். ஒவ்வொன்றாக வைக்கலாம், இல்லை மொத்தமும் ஒரே கூறு. வேறு வழியில்லை. பகா எண் என்ற சொல் வருவதற்கு முன்பும் இல்லை, காசிமேடு வருவதற்கு முன்பும் இல்லை. அது கண்டுபிடிப்பு. ஆனால் 17 என்று எழுதும் குறி, பத்தடிமான முறை, ∫, ௱ எல்லாம் மனிதர் செய்தவை. தமிழ்ப் பின்னத்தில் 1/320 வரை பெயர் வைத்ததும் அப்படித்தான், தேவைக்குச் செய்துகொண்டது. எனக்கு இரண்டும் கலந்தே தெரிகிறது. பெரிய ஆட்களே இதில் இரு கட்சியாக இருக்கிறார்கள். பிளஸ் டூ பிள்ளைகள் மாடியில் ஒரு சாயங்காலம் முழுக்க இதில் சண்டை போட்டார்கள், நான் தடுக்கவில்லை.

எல்லாத்தையும் கண்டுபுடிச்சிட்டாங்களே, எங்களுக்கு இன்னா மிச்சம்?

நிறைய. நாசிக் பக்கத்தில் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த காப்ரேகர் 6174 என்ற எண்ணின் குணத்தைக் கண்டார். அதை முதலில் வெளியே சொன்னதும் நம் ஊரில்தான், 1949 சென்னைக் கணித மாநாட்டில். எல்லா இலக்கமும் ஒன்றாக இல்லாத ஒரு நான்கு இலக்க எண் எடு, 3524. பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கியதிலிருந்து சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கியதைக் கழி. 5432 − 2345 = 3087. மறுபடி 8730 − 0378 = 8352. மறுபடி 8532 − 2358 = 6174. எதில் தொடங்கினாலும் ஏழு தடவைக்குள் அங்கே வந்து நிற்கும்.

அமெரிக்காவில் மார்ஜரி ரைஸ் என்ற இல்லத்தரசி, பள்ளிப் படிப்போடு நின்றவர், 1975-க்குப் பிறகு சமையலறை மேடையில் வரைந்து வரைந்தே தரையை நிரப்பும் ஐங்கோணங்களில் நான்கு புது வகைகளைக் கண்டுபிடித்தார். 2022-ல் இங்கிலாந்தில் டேவிட் ஸ்மித், அச்சுத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர், அட்டையை வெட்டி அடுக்கிப் பார்த்து ஒரு புது ஓட்டு வடிவம் கண்டார். அந்த ஒரே ஓடு தரையை முழுக்க நிரப்பும், ஆனால் கோலம் ஒருபோதும் அதே வரிசையில் திரும்ப வராது. மூன்று கணித அறிஞர்கள் சேர்ந்து நிரூபித்தார்கள், கட்டுரையில் அவர் பெயர்தான் முதலில் இருக்கிறது.

ஏதாவது தோன்றினால் நோட்டில் எழுதித் தேதி போடுங்கள். யாரிடம் கேட்டுக் கற்றீர்கள், யார் கூட உட்கார்ந்து போட்டீர்கள் என்று அவர்கள் பெயரையும் எழுதுங்கள். இப்போதைக்கு ஒரு வேலை தருகிறேன். 6174-ஐப் போல மூன்று இலக்கத்திலும் ஓர் எண் இருக்கிறது. அது எது என்று நான் சொல்ல மாட்டேன். அதைக் கண்டுபிடித்துவிட்டு, ஐந்து இலக்கத்தில் என்ன ஆகிறது என்றும் பார்த்து, வியாழக்கிழமை நோட்டை எடுத்து வாருங்கள்.